விண்டோஸில் மட்டும் டெஸ்ட் ஃபெயிலா? அக்கா சொல்வதைக் கேள்!

தங்கச்சி, பாண்டாஸுக்கு நீ அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் உன் லினக்ஸ் லேப்டாப்பில் முழுக்கப் பச்சை. சிஐயில் விண்டோஸுக்கும் 32-பிட்டுக்கும் மட்டும் சிவப்பு. உடனே அந்த டெஸ்டுக்கு ஸ்கிப் போடக் கை பரபரக்கும். போடாதே. உன் கோடு எதையோ சொல்லாமலே நம்பிக்கொண்டிருந்தது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் பிழைச் செய்தியின் கடைசி வரிகளை நிதானமாகப் படி. மாறியிருப்பது டிடைப்பா, மதிப்பா, வரிசையா, ஃபைலா? இந்த நான்கில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டிடைப் என்றால் சந்தேகத்தை முதலில் நம்பையின் இன்டிஜர் மேல் வை. நம்பை 2.0 வரும்வரை (2024 ஜூன்) 64-பிட் விண்டோஸில்கூட அதன் இயல்பான இன்டிஜர் இன்ட்32தான். லினக்ஸிலும் மேக்கிலும் இன்ட்64. 2.0-க்குப் பிறகு விண்டோஸ் சரியாகிவிட்டது, 32-பிட் மெஷின்களில் இன்னும் இன்ட்32தான். பாண்டாஸோ பைத்தான் லிஸ்டைக் கொடுத்தால் எங்கேயும் இன்ட்64 ஆக்கும். நம்பை அரேயைக் கொடுத்தால் அதன் டிடைப்பை அப்படியே வைத்துக்கொள்ளும். எதிர்பார்க்கும் விடையை ஒரு வழியிலும் வந்த விடையை இன்னொரு வழியிலும் உருவாக்கினால் சண்டை நிச்சயம். டெஸ்டில் டிடைப்பை வெளிப்படையாக எழுதிவிடு. ஆனால் பாண்டாஸின் உள்கோடே இன்ட்32-ல் பெருக்குகிறதா என்றும் பார். சுமார் 214 கோடியைத் தாண்டியதும் விடை மைனஸில் வரும். அது டெஸ்டின் குறை அல்ல, நிஜமான பக்.

மதிப்பு மாறினால் இன்னும் கவனம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது: நேன் உள்ள ஃப்ளோட்டை இன்ட்64-ஆக மாற்றினால் என்ன வரும் என்று சி மொழி எதையும் உறுதி சொல்வதில்லை. இன்டெல் மெஷினில் மிகச் சிறிய எண் வரும், −9,223,372,036,854,775,808. ஏஆர்எம்-இல் 0 வரும். பாண்டாஸ் விடுபட்ட தேதியை உள்ளே குறித்து வைப்பதும் அதே மிகச் சிறிய எண்ணால்தான்! ஆகவே இன்டெலில் தற்செயலாகச் சரியாக ஓடிய கோடு, ஏஆர்எம்-இல் விடுபட்ட தேதியை 1970 ஜனவரி 1 ஆக்கிவிடக்கூடும். ஒருவருடைய பிறந்த தேதிப் பத்தியில் இப்படி நடந்தால் யோசித்துப் பார். மாற்றுவதற்கு முன்பே நேன் இருக்கும் இடங்களை மாஸ்க் செய்து தனியே எடுத்துவிடு.

தசமத்தின் கடைசி இலக்கங்கள் மட்டும் மாறினால் அது ரவுண்டிங். பாண்டாஸின் ஒப்பீட்டு ஃபங்ஷன்கள் இயல்பாகவே லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். அதையும் தாண்டுகிறது என்றால் அளவைத் தளர்த்தாதே, காரணத்தைத் தேடு.

வரிசை மாறுவதற்குப் பெரும்பாலும் சார்ட்தான் காரணம். குவிக்சார்ட் சமமான மதிப்புகளின் முன்பின் வரிசையைக் காப்பாற்றாது. நம்பை 1.25-இல் ஏவிஎக்ஸ்-512 உள்ள ப்ராசஸர்களுக்கு வேகமான ஆர்க்சார்ட் வந்தது. அதிலிருந்து ஒரே லினக்ஸில்கூட இரண்டு மெஷின்களில் இரண்டு வரிசை வரலாம். வரிசை முக்கியம் என்றால் ஸ்டேபிள் என்று கேள்.

ஃபைல் விஷயம் சுலபம். என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று எழுதித் திற. சிஎஸ்வி எழுதும்போது நியூலைனைக் காலி ஸ்ட்ரிங்காகக் கொடு. திறந்திருக்கும் ஃபைலை விண்டோஸ் அழிக்கவிடாது. வித் பிளாக் முடிந்த பிறகு அழி. டெம்ப் ஃபைலுக்குப் பைடெஸ்டின் டிஎம்பி_பாத் போதும்.

உன்னிடம் விண்டோஸ் இல்லாவிட்டால் உன் ஃபோர்க்கிலேயே கிட்ஹப் ஆக்‌ஷன்ஸை ஓடவிடு, அந்த ஒரு டெஸ்டை மட்டும். 32-பிட்டுக்கு டாக்கரில் ஐ386 இமேஜ் போதும்.

இவ்வளவு பார்த்தும் காரணம் வேறொரு லைப்ரரியில் இருந்தால், ஸ்கிப்புக்குப் பதில் எக்ஸ்ஃபெயில் போடு. பாண்டாஸில் அது கண்டிப்பான முறையில் அமைந்திருக்கிறது: அந்தக் குறை சரியாகி டெஸ்ட் பாஸாகும் நாளில் சிஐ சிவப்பாகி, குறியை எடுக்கச் சொல்லும். எந்த மெஷினில், எதனால் என்று ரீசனில் முழு வாக்கியமாக எழுது, இஷ்யூ எண்ணையும் சேர். அடுத்து அந்த டெஸ்டைத் திறப்பவளுக்கு அது மட்டும்தான் துணை.