ஆலயம் காக்க ஊர் சேரட்டும்

இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் எழுப்பிய ஆலயம் 1880-ல் பிரதிஷ்டையாக முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. தென்மாவட்டங்களில் அப்படிப் பாடுபட்டுக் கட்டிய பழைய சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பல உண்டு. எங்கள் ஊர் ஆலயக் கோபுரத்தில் அரசங்கன்று முளைத்து, சுவர் ஊறத் தொடங்கியதும் பாதுகாப்புக் குழு அமைத்தோம். அதன் செயலாளராக நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

எல்லையை முதலில் வகுங்கள்

ஐயரவர்களையும் சேகரக் கமிட்டியையும் முதலில் பாருங்கள். கட்டடம் திருச்சபையின் சொத்து. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது. குழுவின் வேலை கட்டடம் மட்டுமே. ஆராதனையிலும் நிர்வாகத்திலும் தலையிடுவதில்லை, சபைத் தேர்தலில் நிற்பவர் குழுவில் பொறுப்பு வகிப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதினோம். எங்கள் ஒற்றுமை நிலைத்ததற்கு இதுவே காரணம்.

ஊரையே சேருங்கள்

சபையாரோடு நிறுத்திவிடாதீர்கள். மணியோசை கேட்டு எழும்பும் எல்லாருக்கும் அந்தக் கோபுரத்தில் பங்குண்டு. எங்கள் குழுவில் சுண்ணாம்பு வேலை தெரிந்த இந்துக் கொத்தனார் இருக்கிறார். கம்பி, பெயின்ட் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பாய் இருக்கிறார். அசனப் பண்டிகைக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், கூப்பிட்டால் வேலைக்கும் வருவார்கள்.

பணத்தில் ஒளிவுமறைவு வேண்டாம்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்யலாம். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, மாதக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில். வளைகுடாவில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிற நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். உரிய அனுமதியின்றி வாங்காதீர்கள். பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசும் நிதி தருகிறது. அதற்கான நிபந்தனைகளை மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சிமென்டுக்கு அவசரப்படாதீர்கள்

சுண்ணாம்புச் சுவருக்கு ஈரத்தை வெளியே விடும் தன்மை உண்டு. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். எங்கள் கொத்தனார் பழைய பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சுகளாகப் பூசினார். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. அரசங்கன்றையும் மேலோடு வெட்டவில்லை. வெட்டினால் மறுபடி துளிர்க்கும். இடுக்கைத் திறந்து வேரை முழுதாக எடுத்து, அங்கே சுண்ணாம்புக் கலவையை அடைத்தார். பழங்கட்டட வேலை தெரிந்த பொறியாளர் ஒருவரிடமும் கட்டாயம் யோசனை கேளுங்கள்.

சிறு வேலையில் தொடங்குங்கள்

பெரிய நிதி சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் மொட்டை மாடிச் சருகை அள்ளி, தண்ணீர்க் குழாய் அடைப்பை எடுத்தாலே பாதிச் சேதம் தவிரும். காரியம் கண்ணுக்குத் தெரிந்தால் காணிக்கை தானாக வரும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலு பேராக உங்கள் ஆலயத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு ஐயரவர்களைப் போய்ப் பாருங்கள்.