வீட்டு சர்வரில் பேக்கேஜ் சண்டையா? ஆவடியிலிருந்து சில கைக்குறிப்புகள்

2011-இல் தமிழக அரசு ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்த மிஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். சென்னை சி-டாக்கில் உருவான அது டெபியன் குடும்பம். அந்த லேப்டாப்போ, ஆபீஸில் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்போ பரணில் கிடந்தால் டெபியன் போட்டு, அதன்மேல் வி.எம்.களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸைக் கையாலேயே ஏற்றிவிடலாம். அம்பத்தூர் டேட்டா சென்டர் பக்கம் வேலை தேடும் பிள்ளைக்குச் செலவில்லாத பயிற்சிக்கூடம் அது. கையால் ஏற்றும்போது பேக்கேஜ்கள் முட்டிக்கொள்வதுதான் தலைவலி. அதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. இறங்கும் முன் ‘எல்எஸ்-சிபியு’ என்று அடித்துப் பாருங்கள். 64 பிட், கூடவே விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி என்று காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் பயாஸில் அணைத்து வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள். ராம் 2 ஜிபி ப்ராக்ஸ்மாக்ஸுக்கே போய்விடும், வி.எம்.களுக்குத் தனியாக வேண்டும்.

2. கரண்ட் பில் கணக்கு: சும்மா இருக்கும்போது 15 வாட் இழுக்கும் லேப்டாப் இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட் தின்னும். 60 வாட் டெஸ்க்டாப் என்றால் 86 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பங்கை சர்வருக்கே தாரை வார்ப்பானேன்? லேப்டாப்பே நம் கட்சி.

3. ஜோடி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் 8-க்கு டெபியன் 12 புக்வோர்ம், 9-க்கு டெபியன் 13 ட்ரிக்ஸி. ஆப்ட் சோர்சஸ் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு ஃபைலாகப் படியுங்கள்: ஒன்றில் புக்வோர்ம், இன்னொன்றில் ட்ரிக்ஸி என்று இருந்தால் உங்கள் தகராறு அங்கேதான். பழைய ‘லிஸ்ட்’ ஃபைலும் புதிய ‘சோர்சஸ்’ ஃபைலும் ஒரே ரெப்போவை இரண்டு தடவை சொன்னால் ஒன்றை அழித்துவிடலாம்.

4. ‘பிவிஇ-மேனேஜர் கான்ஃபிகர் ஆகவில்லை’ என்று வந்தால் பேக்கேஜைத் திட்டாதீர்கள், ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பாருங்கள். டெபியன் அங்கே மிஷின் பெயருக்கு 127.0.1.1 என்று எழுதி வைக்கும். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு நிஜமான லேன் ஐபி வேண்டும். மாற்றி எழுதிவிட்டு, ரவுட்டரிலும் அந்த ஐபியை இந்த மிஷினுக்கே ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் ரவுட்டர் அணைந்து எரியும்போது ஐபி மாறி, அதே கதை மறுபடியும் வரும்.

5. அப்டேட் போட்டதும் 401 என்று திட்டு விழுகிறதா? காசு கட்டினவர்களுக்கான என்டர்பிரைஸ் ரெப்போ திறந்திருக்கிறது. அதை மூடி, நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்போவைப் போட்டால் வீட்டு உபயோகத்துக்குத் தாராளம்.

6. எதை நிறுவினாலும் முதலில் ஆப்டுக்கு ‘மைனஸ் எஸ்’ கொடுத்து ஒத்திகை பாருங்கள். எதுவும் மாறாது, எதெல்லாம் வரும் எதெல்லாம் போகும் என்று மட்டும் காட்டும். ‘ரிமூவ்’ பட்டியலை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் நிஜ கமாண்ட்.

7. ‘இந்த ஃபைலை ஓவர்ரைட் செய்யப் பார்க்கிறது, இது வேறொரு பேக்கேஜில் இருக்கிறது’ என்று டிபிகேஜி நின்றுவிட்டால், ஒரே மனைக்கு இரண்டு பேர் பத்திரம் நீட்டுகிறார்கள் என்று அர்த்தம்; வில்லங்கம் போட்டுப் பாருங்கள். டிபிகேஜிக்கு ‘மைனஸ் பெரிய எஸ்’ கொடுத்து ஃபைல் பெயரைச் சொன்னால் இப்போதைய சொந்தக்காரர் யாரென்று தெரியும். பிறகு ‘ஆப்ட் பாலிசி’ போட்டு, இரண்டு பேக்கேஜும் எந்த ரெப்போவிலிருந்து வந்தவை என்று பாருங்கள். அநேகமாக ஒன்று டெபியனுடையதாகவோ பேக்போர்ட்ஸ் சரக்காகவோ, மற்றது ப்ராக்ஸ்மாக்ஸுடையதாகவும் இருக்கும். ப்ராக்ஸ்மாக்ஸுடையது இருக்கட்டும், வெளியே போக வேண்டியது மற்றதுதான்.

8. சண்டைக்காரர்களில் முதலிடம் இசட்.எஃப்.எஸ்.ஸுக்கு. ப்ராக்ஸ்மாக்ஸ் கர்னலிலேயே இசட்.எஃப்.எஸ். மாட்யூல் தயாராக வருகிறது. டெபியனில் லைசென்ஸ் தகராறால் அது கான்ட்ரிப் பகுதியில் இருக்கிறது. ‘இசட்எஃப்எஸ்-டிகேஎம்எஸ்’ என்ற பேக்கேஜ் ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாகக் கம்பைல் செய்யும். பழைய லேப்டாப்பில் அது முடிவதற்குள் ஒரு சமையலே முடிந்துவிடும், அதனால் டிகேஎம்எஸ்ஸைக் கழற்றிவிடுங்கள். ‘இசட்எஃப்எஸ்யுடில்ஸ்-லினக்ஸ்’ இருக்கட்டும், ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸ் ரெப்போவிலிருந்து வந்ததாக இருக்கட்டும். பேக்போர்ட்ஸிலிருந்து வந்த பதிப்பு எண் பெரிதாக இருந்தால் ஆப்ட் அதை விட்டு இறங்காது. பதிப்பைப் பெயர் சொல்லி நிறுவிக் கீழே இறக்க வேண்டும். டேட்டா பூலில் இருக்கிறது, பேக்கேஜில் இல்லை, எனவே பதற்றம் வேண்டாம். ஆனால் இந்தக் குழப்பம் ஓயும்வரை ‘இசட்பூல் அப்கிரேட்’ மட்டும் போடாதீர்கள்: புது அம்சங்கள் ஏறிய பூலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கலாம்.

9. டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரே ஃபர்ம்வேர் பேக்கேஜ்களைப் போட்டுவிடுகிறது. ‘பிவிஇ-ஃபர்ம்வேர்’ வந்ததும் அவற்றோடு ஒத்துப்போகாது. டெபியனுடையதை விட்டுக்கொடுங்கள், பெரும்பாலான ஃபர்ம்வேர் ப்ராக்ஸ்மாக்ஸுடையதிலேயே இருக்கிறது. எப்படியும் சர்வருக்கு வைஃபை வேண்டாம், லேன் கேபிளே கதி.

10. ‘ப்ராக்ஸ்மாக்ஸ்-விஇ மெட்டா பேக்கேஜை நீக்கப் பார்க்கிறீர்கள்’ என்ற எச்சரிக்கை வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிடுங்கள். நிஜமாகவே நீக்க வேண்டுமானால் ‘ப்ளீஸ்-ரிமூவ்’ என்று தொடங்கும் ஒரு ஃபைலை உருவாக்கு என்று வழியும் அதுவே சொல்லும். அவசரத்தில் அதைச் செய்துவிட்டால் போச்சு. ரெப்போ ஜோடி தப்பாக இருப்பதுதான் முக்கால்வாசி காரணம், மூன்றாம் குறிப்புக்குத் திரும்புங்கள். என்னைக் கேட்டால், ப்ராக்ஸ்மாக்ஸ்காரர்கள் வைத்த தாழ்ப்பாள்களிலேயே உருப்படியானது இதுதான்.

11. ப்ராக்ஸ்மாக்ஸ் கர்னலைப் போட்டு, அதில் ரீபூட் ஆகி ஏறியதை ‘யுநேம்’ மூலம் உறுதி செய்த பிறகே டெபியன் கர்னலை நீக்குங்கள். அதோடு ‘ஓஎஸ்-ப்ரோபர்’ என்பதையும் எடுத்துவிடுங்கள். அது வி.எம்.களின் டிஸ்குகளையும் துழாவி, பூட் மெனுவில் தேவையில்லாத பெயர்களைச் சேர்க்கும்.

12. ப்ராக்ஸ்மாக்ஸில் வெறும் ‘அப்கிரேட்’ கூடாது, ‘ஃபுல்-அப்கிரேட்’தான். வெறும் அப்கிரேட் சில பேக்கேஜ்களைப் பழையபடியே விட்டுவிடும், அதுவே அடுத்த வாரத்து மோதலுக்கு விதை. 8-லிருந்து 9-க்குத் தாவும் முன் ‘பிவிஇ8டு9’ என்ற சோதனை ஸ்கிரிப்டை ஓட்டிவிடுங்கள், அது மிஷினிலேயே இருக்கிறது.

13. பாதியில் நின்றுபோனதா? முதலில் டிபிகேஜியின் ‘கான்ஃபிகர் மைனஸ் ஏ’, அப்புறம் ஆப்டின் ‘ஃபிக்ஸ்-ப்ரோக்கன்’. பாதிச் சிக்கல் இதிலேயே தீரும்.

14. ‘ஃபோர்ஸ்-ஓவர்ரைட்’ எல்லோரும் கைகாட்டும் மருந்து, எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மேன் பேஜ், மொழிபெயர்ப்பு மாதிரி ஃபைலுக்காகச் சண்டை என்றால் போடலாம். லைப்ரரி ஃபைல் என்றால் ஏழாம் குறிப்பின்படி ஒருவரை வெளியேற்றுங்கள்.

15. பேக்கேஜ் சண்டை மாதிரி தெரியும் சில கோளாறுகள் வெறும் இடப்பற்றாக்குறை. ‘டிஎஃப் மைனஸ் எச்’ போட்டு பூட் பார்ட்டிஷனைப் பாருங்கள். பழைய கர்னல்கள் அடைத்திருந்தால் ‘ஆட்டோரிமூவ்’ போதும், புது டிஸ்க் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டாம்.

16. டெபியன் 12-இலிருந்து பின், எஸ்பின், லிப் எல்லாமே யுஎஸ்ஆருக்குள் போகும் இணைப்புகளாகத்தான் இருக்க வேண்டும். ரொம்ப வருஷமாக அப்கிரேட் ஆகி வந்த மிஷினில் அவை தனி ஃபோல்டர்களாகவே இருந்தால், மேலே எதையும் ஏற்றுமுன் ‘யுஎஸ்ஆர்மெர்ஜ்’ பேக்கேஜைப் போடுங்கள்.

17. டெபியனை விட்டு ஆல்மா, ராக்கி லினக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு: அங்கே ‘ஃபைல்சிஸ்டம்’ என்றே ஒரு பேக்கேஜ் உண்டு, அடிப்படை ஃபோல்டர்களுக்கெல்லாம் அதுதான் சொந்தக்காரர். வெளியாள் தயாரித்த ஆர்பிஎம் ஒன்று யுஎஸ்ஆர்-பின்னையோ லிப்பையோ தனதென்று சொன்னால் மோதல் வரும். அந்த ஆர்பிஎம்மைத் தள்ளிவிட்டு ஒழுங்காகத் தயாரித்ததைத் தேடுங்கள், ‘ஃபோர்ஸ்’ வேண்டாம். அந்தப் பேக்கேஜின் அப்டேட்டே சிபியோ எர்ரரோடு தோற்றால், ஹோமிலோ எம்என்டியிலோ நெட்வொர்க் டிஸ்க் மாட்டியிருக்கிறதா பாருங்கள். அவிழ்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

18. கைவைக்கும் முன் இடிசி ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். இடிசியில் தெரியும் பிவிஇ ஃபோல்டர் நிஜ ஃபோல்டரே இல்லை, அதன் சரக்கு வார்-லிப்பில் ‘கான்ஃபிக்.டிபி’ என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. அதையும் சேர்த்து எடுங்கள். வி.எம்.களுக்கு ‘விஇசட்டம்ப்’ பேக்கப், வெளி ஹார்டு டிஸ்குக்கு.

19. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நம் ஏரியாவில் என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு அப்கிரேடை ஆரம்பியுங்கள். எஸ்எஸ்எச் வழியாகச் செய்தால் டிமக்ஸுக்குள் செய்யுங்கள். ரவுட்டர் அணைந்தாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி உயிரோடு உள்ள லேப்டாப் என்றால் யுபிஎஸ் செலவும் மிச்சம், ஆனால் மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி லாகின்ட் செட்டிங்கில் ‘இக்னோர்’ என்று மாற்றிவிடுங்கள்.

20. தீரவில்லையா? வார்-லாகில் உள்ள ஆப்ட் ஹிஸ்டரியையும் ‘ஆப்ட் பாலிசி’ காட்டியதையும் எடுத்துக்கொண்டு சென்னை லினக்ஸ் பயனர் குழுவிலோ காஞ்சி லினக்ஸ் குழுவிலோ கேளுங்கள். ஃபோட்டோ பிடித்து அனுப்பாமல் டெக்ஸ்டாகவே ஒட்டுங்கள், படிப்பவருக்கும் நேரம் மிச்சம்.