மூச்சு வாங்குகிறதா? வயசு என்று விடாதீர்கள்

தெலுக் இந்தான் பாசாரில் பையோடு நாலு எட்டு வைத்ததும் மூச்சிரைக்கிறதா? நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கலாம்.

1. கையில் கட்டும் பிரஷர் மிஷினை நம்பி இருக்காதீர்கள். இந்த அழுத்தம் அதில் தெரியாது.

2. கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது.

3. அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி, எந்த வேலையில் மூச்சு முட்டுகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். 'அசதி' என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்ப வேண்டியதுதான்.

4. எக்கோ ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். வலி இல்லை, இதயத்தின் வலப்பக்கம் பெருத்திருந்தால் காட்டும். ஆனால் அது சந்தேகம் மட்டுமே.

5. இதயத்துக்குள் மெல்லிய குழாய் விடும் கதீட்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் தட்டாதீர்கள். சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியதா என்று அளந்து உறுதிசெய்வது அதுதான்.

நடக்கையில் மயங்கி விழுந்தால் கிளினிக் வரிசை வேண்டாம், உடனே 999.