வாசகரை விலைக்கு வாங்காதீங்க: புதுத் தளத்துக்குத் தேடல் வழியா ஆள் வர வைக்கும் கணக்கு

சைடு இன்கம் பற்றிய வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "சார், சொந்தமா ஒரு தளம் ஆரம்பிச்சுட்டேன். பதினைந்து கட்டுரை போட்டாச்சு. ஆனா ஒரு நாளைக்குப் பத்து பேர்கூட வரலை. எஸ்.இ.ஓ பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் மாசம் பத்தாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

நேரா பதில்: கொடுக்காதீங்க. ஏன்னு முதல்ல கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பிரேக்-ஈவன்

உதாரணத்துக்கு, டொமைனும் ஹோஸ்டிங்கும் சேர்த்து வருஷத்துக்கு ரூ.4,000 ஆகுதுன்னு வெச்சுக்குவோம். ஆயிரம் பக்கப் பார்வைக்கு விளம்பரத்தில் ரூ.60 கிடைக்குதுன்னும் வெச்சுக்குவோம். தலைப்பைப் பொறுத்து இது கூடும், குறையும். உங்க டாஷ்போர்டில் வரும் எண்ணைப் போட்டுக்குங்க.

ரூ.4,000 திரும்ப வர வருஷத்துக்குச் சுமார் 66,700 பார்வை வேணும். ஒரு நாளைக்கு 183. பொறுமையா எழுதினா எட்டிப்பிடிக்கக்கூடிய எண் இது.

இப்போ அந்த எஸ்.இ.ஓ பேக்கேஜைச் சேருங்க. ஆறு மாசம் × ரூ.10,000 = ரூ.60,000. அதை மட்டும் எடுக்கவே 10 லட்சம் பார்வை வேணும்! ஒரு நாளைக்குப் பத்து பேர் வர்ற தளத்துக்கு இது முதலீடு ஆகாது. கிரெடிட் கார்டில் போட்டா, வட்டியும் சேர்ந்துக்கும்.

அப்போ காசு செலவு பண்ணாம ஆள் வர என்ன செய்யலாம்?

1. கூகுளுக்கு உங்க தளம் தெரியுதா?

நிறைய பேர் தாண்டிப் போற படி இதுதான். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். உங்க தளத்தை அதில் சேர்த்து, சைட்மேப்பைக் கொடுங்க. ஒவ்வொரு கட்டுரையும் இண்டெக்ஸ் ஆகியிருக்கான்னு யு.ஆர்.எல் இன்ஸ்பெக்ஷனில் பாருங்க.

வேர்ட்பிரஸ் பயன்படுத்தறீங்கன்னா, செட்டிங்ஸ் போய் ரீடிங் பகுதியைத் திறங்க. தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது அதை டிக் பண்ணிட்டு, அப்புறம் எடுக்க மறந்திருந்தா, நூறு கட்டுரை போட்டாலும் தேடலில் வர்றது கஷ்டம்.

2. பெரிய சொல்லை விடுங்க, சின்னக் கேள்வியைப் பிடிங்க

"பி.எஃப் என்றால் என்ன" என்று எழுதினா, பெரிய பத்திரிகைகளும் வங்கிகளும் அரசுத் தளமும்தான் போட்டி. புதுத் தளம் அங்கே ஜெயிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

அதுக்குப் பதிலா இப்படி யோசிங்க: "ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னாடி, பி.எஃப் கணக்கில் அப்பா பெயர் முழுசா இருக்கு. பணம் எடுக்க முடியுமா?" நம்ம ஊர் இனிஷியல் வழக்கத்தால் வர்ற பிரச்சினை இது. தேடுறவங்க எண்ணிக்கை குறைவுதான். ஆனா தேடுற ஒவ்வொருத்தருக்கும் பதில் உடனே வேணும். சரியா பதில் சொல்ற பக்கங்களும் குறைவு.

இப்படிக் கேள்விகளை எங்கே பிடிக்கிறது? கூகுள் பெட்டியில் பாதி அடிச்சு நிறுத்துங்க, கீழே வர்ற பரிந்துரைகளைக் குறிச்சுக்குங்க. ஆபீஸில் டிக்ளரேஷன் கொடுக்கிற சமயத்தில் பக்கத்து சீட்டு நண்பர் ஹெச்.ஆரிடம் என்ன கேட்கிறார்னு கவனிங்க. அதுவே ஒரு தலைப்பு.

இன்னொரு விஷயம்: நம்ம ஆட்கள் தமிழ் எழுத்திலும் தேடுவாங்க, ஆங்கில எழுத்தில் தமிழை அடிச்சும் தேடுவாங்க. அதனால "வருங்கால வைப்பு நிதி" என்று மட்டும் எழுதாம, "பி.எஃப்" என்றும் இயல்பா வரட்டும். பக்கத்தின் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமா வையுங்க. தமிழ் எழுத்தில் வெச்சா, வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது சதவீதக் குறிகளா நீண்டு, ஏதோ மோசடி லிங்க் மாதிரி தெரியும்.

3. இரண்டு மூணு மாசம் கழிச்சு டேட்டாவைப் படிங்க

சர்ச் கன்சோலின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் நாலு எண் இருக்கும்: இம்ப்ரெஷன், கிளிக், கிளிக் விகிதம், சராசரி இடம். பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி இதை மாசம் ஒரு தடவை படிங்க.

* இம்ப்ரெஷன் 1,000, கிளிக் 10, இடம் 5 என்று இருந்தா, ஆள் பார்க்கிறாங்க, உள்ளே வரலை. தலைப்பை மாத்துங்க.
* இடம் 8 முதல் 15-க்குள் இருந்தா, வாசல் வரை வந்தாச்சு. அந்தக் கட்டுரையில் விடுபட்ட கேள்விக்குப் பதில் சேருங்க; உங்க மற்ற கட்டுரைகளிலிருந்து அதுக்கு லிங்க் கொடுங்க.
* இம்ப்ரெஷனே இல்லைன்னா, அந்தக் கேள்வியை யாரும் தேடலை, இல்லைன்னா பக்கம் இண்டெக்ஸ் ஆகலை.

புதுசா பத்து எழுதுறதைவிட, வாசல் வரை வந்த மூணைச் சரிசெய்றது பல நேரம் அதிக ஆளைக் கொண்டுவரும். வரி பற்றி எழுதறவங்க இன்னொண்ணு செய்யணும்: பட்ஜெட்டுக்கு அப்புறம் புதுப் பக்கம் திறக்காம, பழைய பக்கத்திலேயே எண்களை மாத்தி, மாத்திய தேதியைப் போடுங்க. அந்த முகவரி சேர்த்து வெச்ச மதிப்பு வீணாகாது.

4. பெயர் போட்டு எழுதுங்க

பணம், உடல்நலம் போன்ற தலைப்புகளுக்குக் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் நம்பகத்தன்மையைக் கூடுதலா எதிர்பார்க்குது. 2022 டிசம்பரில் அதில் "அனுபவம்" என்பதையும் சேர்த்தாங்க. ஸோ, யார் எழுதினது, என்ன அனுபவம், எந்தத் தேதி நிலவரம் என்பதெல்லாம் பக்கத்தில் தெரியணும். நீங்களே பி.எஃப் மாத்தின அனுபவம் இருந்தா, அதைப் படிப்படியா எழுதுங்க. அதைக் காப்பியடிக்கிறது கஷ்டம்.

5. வாங்கவே கூடாத மூணு

* காசுக்கு பேக்லிங்க். தேடல் இடத்தை உயர்த்த லிங்க் வாங்குறது கூகுளின் ஸ்பேம் விதிக்கு எதிரானது.
* "ஆயிரம் விசிட்டர் இருநூறு ரூபாய்" என்ற போலி டிராஃபிக்.
* "என் விளம்பரத்தை நீ கிளிக் பண்ணு, உன்னுடையதை நான் பண்றேன்" குரூப்கள்.

கடைசி ரெண்டிலும் ஆட்சென்ஸ் கணக்கையே முடக்கிடுவாங்க. சேர்ந்திருக்கும் பணமும் கைக்கு வராம போகலாம். பொதுவா 100 டாலர் சேர்ந்தாத்தான் ஆட்சென்ஸ் பணம் அனுப்பும். 90 டாலர் வரை வந்து கணக்கு போனா, யாரிடம் முறையிடுவீங்க?

இனி ஆடிட்டர் பேசுறேன்

ஆள் வந்து, பணமும் வந்தாச்சு. சம்பளம் வாங்குறவங்க இங்கேதான் தடுக்கி விழறாங்க. கீழே உள்ளதெல்லாம் 2025-26 நிதியாண்டு விதிப்படி.

படிவம் மாறும். தொடர்ந்து நடத்தற தளத்தின் வருமானம் தொழில் வருமானம். ஐ.டி.ஆர்-1 போடக்கூடாது. பிரிவு 44ஏடியில் உத்தேச வருமானம் காட்டினா ஐ.டி.ஆர்-4, இல்லைன்னா ஐ.டி.ஆர்-3. பொருளை விற்றுக்கொடுத்துக் கமிஷன் வாங்கறீங்கன்னா 44ஏடி கிடையாது. கம்பெனிகள் பிடிக்கிற டி.டி.எஸ் ஏ.ஐ.எஸ்-ல் தெரியும், மறைக்கவும் முடியாது.

12 லட்சம் எல்லை. இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. உங்க சம்பளம் ரூ.12.75 லட்சம், புதிய வரி முறை. நிலையான கழிவு ரூ.75,000 போக ரூ.12 லட்சம். வரி பூஜ்யம். இப்போ தளத்தில் ரூ.40,000 லாபம் வருது. மொத்தம் ரூ.12.40 லட்சம், ஸ்லாப்படி வரி ரூ.66,000. மார்ஜினல் ரிலீஃப் இருப்பதால், 12 லட்சத்தைத் தாண்டிய ரூ.40,000-க்கு மேல் வரி போகாது. அதுக்கு மேல 4% செஸ் ரூ.1,600. ஆக, கட்ட வேண்டியது ரூ.41,600.

ராத்திரி முழிச்சு எழுதி ரூ.40,000 சம்பாதிச்சு, ரூ.41,600 வரி! 12 லட்சத்துக்கு மேல் சுமார் ரூ.70,588 வரை இந்த நிலைதான். அதைத் தாண்டினாத்தான் கையில் நிக்க ஆரம்பிக்கும். அதனால டொமைன், ஹோஸ்டிங், தளத்துக்காக ஆகும் இண்டர்நெட் பங்கு எல்லாத்துக்கும் பில் வையுங்க. உத்தேச முறையில் போகாம லாப நஷ்டம் காட்டும்போது இவை செலவாக் கழியும். உங்க கம்பெனி என்.பி.எஸ் பங்களிப்பு தருதான்னும் ஹெச்.ஆரிடம் கேளுங்க. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 14% வரை புதிய முறையிலும் கழிவு உண்டு.

வரி முறை மாற்றம். சம்பளம் மட்டும்னா வருஷா வருஷம் பழையது, புதியது மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா, பழைய முறைக்குப் போய்த் திரும்புறதுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். வீட்டுக் கடன் வட்டிக்காகப் பழைய முறையில் இருக்கிறவங்க கவனம்.

முன்கூட்டிய வரி. டி.டி.எஸ் போக ரூ.10,000 அல்லது அதுக்கு மேல் வரி பாக்கி வரும்னா, மார்ச்சுக்குள் தவணைகளில் கட்டணும். இல்லைன்னா வட்டி.

ஜி.எஸ்.டி. சேவை வருமானம் ரூ.20 லட்சம் தாண்டும்வரை பெரும்பாலும் பதிவு தேவையில்லை. சம்பளம் அந்தக் கணக்கில் வராது.

ஆஃபர் லெட்டர். வேறு வருமானம் கூடாதுன்னு ஷரத்து இருக்கான்னு படிங்க. இருந்தா எழுத்துபூர்வமா அனுமதி வாங்குங்க. ஆபீஸ் லேப்டாப்பில் தளத்து வேலை வேண்டாம்.

இந்த வாரக் கடைசி வேலை

சனிக்கிழமை: சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்க, அந்த டிக் பெட்டியைப் பாருங்க. ஞாயிறு: நண்பர்கள் உண்மையா கேட்ட பத்து கேள்வியை எழுதி, ஒண்ணுக்கு முழுசா பதில் எழுதுங்க. எஸ்.இ.ஓ-காரருக்குக் கொடுக்க இருந்த பத்தாயிரத்தை ஒரு ஆர்.டி-யில் போடுங்க. ஆறு மாசம் கழிச்சு ரெண்டையும் திறந்து பாருங்க.