நிறத்தை நம்பிப் பெயர் சூட்டலாமா?

கேள்வி: எங்கள் ஊர் எருக்கஞ்செடிகளில் மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்த வெட்டுக்கிளிகள் மொய்க்கின்றன. இவை பயிரை அழிக்கும் பாலைவன வெட்டுக்கிளிகளா? நிறத்தை வைத்தே இனம் பிரித்துவிட முடியாதா?
– வாசகர், தர்மபுரி

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எருக்கு வெட்டுக்கிளிக்கு உரியவை. எருக்கிலையே அதன் முக்கிய உணவு. பயிருக்குப் பெரிய ஆபத்தில்லை. 2020 மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இதே பூச்சி இதே அச்சத்தைக் கிளப்பியது. ஆனால் நிறத்தைப் பொதுவான அளவுகோலாகக் கொள்ள முடியாது. பாலைவன வெட்டுக்கிளி தனித்துத் திரியும்போது மணல் நிறம். கூட்டமாகச் சேர்ந்தால் இளம்பருவத்தில் இளஞ்சிவப்பு, முதிர்ந்தபின் மஞ்சள். நிறத்தை நம்பினால் ஒன்றை மூன்றாக எண்ணிவிடுவோம். அறிவியலாளர்களே இப்படி ஏமாந்ததுண்டு: இரண்டு தனி இனங்களாகக் கருதப்பட்ட வெட்டுக்கிளிகள் ஒரே இனத்தின் இரு நிலைகள்தாம் என்று 1921இல் போரிஸ் உவாரோவ் எடுத்துக்காட்டினார்.

ஆகவே உடலமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உணர்கொம்பு உடலைவிட நீண்டு நூல்போல் இருந்தால் அது இலைவெட்டுக்கிளி வகை. குட்டையாக இருந்தால்தான் நாம் பேசும் கூட்டத்தைச் சேர்ந்தது. அடுத்து, முன்னங்கால்களுக்கு நடுவே, கழுத்தின் அடிப்புறத்தைப் பாருங்கள். பாலைவன வெட்டுக்கிளிக்கு அங்கே முளைபோன்ற புடைப்பு உண்டு. உவாரோவ் ஆராய்ந்த வலசை வெட்டுக்கிளிக்குக் கிடையாது. எருக்கு வெட்டுக்கிளியின் குடும்பத்துக்குத் தலை நுனியின் நடுவில் மெல்லிய பள்ளக்கோடு ஓடும். மிக நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்ப்பதே பெரும்பாலும் முடிவான சோதனை.

‘எருக்கு வெட்டுக்கிளியை மட்டும் நிறத்தால் அடையாளம் காண்கிறீர்களே’ என்று கேட்கலாம். எருக்கின் நஞ்சை உடலில் சேர்த்துவைக்கும் அதற்கு அந்தப் பளிச்சென்ற கோலம் பறவைகளுக்கு விடும் எச்சரிக்கை. எச்சரிக்கை அடிக்கடி மாறினால் பயனில்லை. அதனால்தான் வளர்ந்த பூச்சியில் அது நம்பத்தக்க அடையாளம். ‘மரபணுச் சோதனை போதாதா’ என்றால், அங்கும் சிக்கல் உண்டு. மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் செயலிழந்த பிரதிகள் வெட்டுக்கிளிகளின் செல் உட்கருவில் ஏராளம். அவற்றையும் உண்மையென எடுத்துக்கொண்டால், ஓரினம் பல இனங்களாகத் தோன்றும். உடலமைப்போடு ஒப்பிடாமல் அந்த முடிவையும் ஏற்க முடியாது.

சந்தேகம் வந்தால் மேலிருந்தும் பக்கவாட்டிலும் கழுத்தடியிலும் படமெடுத்து, எந்தச் செடியில் இருந்தது என்ற குறிப்போடு வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். அதற்கு முன் மருந்து அடிக்க வேண்டாம்.