பெயரும் படமும் யார் கையில்?

பழைய மலாயாவில் விற்ற தபால் அட்டைகளில் 'தமிழ்ப் பெண்' என்று மட்டும் அச்சிட்ட படங்கள் உண்டு. மூக்குத்தியும் கழுத்து நகையும் தெளிவாகத் தெரியும். அவள் பெயர் இராது. படமெடுக்கச் சம்மதித்தாளா என்பதும் விளங்காது. நம் நிக்காஹ் அழைப்புகளில் சிலவும் மணமகளை 'இன்னாரின் அருமைப் புதல்வி' என்பதோடு நிறுத்திவிடுகின்றனவே!

நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் கடை வைத்தவர்களுக்கு நாகூர் அந்நிய ஊரன்று. அவ்வூர்ச் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புப் படிப்போடு 'காதலா? கடமையா?' என்ற நாவலை எழுதினார். 1938-ல் வெளியான அதற்கு டாக்டர் உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். ஆசிரியையோ தம் சொந்தப் பெயரையே நூலில் இட்டார். அக்காலத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு அது இலேசான காரியமா?

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968-ல் பிறந்த கவிஞரோ வேறு வழி கண்டார். பருவமெய்தியதும் அவர் படிப்பு நின்றது. மணமான பின்னும் வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் எழுதி, துணிகளுக்கிடையே மறைத்து, தாயார் உதவியால் வெளியே அனுப்பினார். 'சல்மா' என்ற புனைபெயரே அவருக்குத் திரை. 2000-ல் முதல் கவிதை நூல் வந்தது. 2001-ல் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்படவே, குடும்பத்தார் அவரையே தேர்தலில் நிறுத்தினர்! எழுத்தை மறைத்த வீடு, ஓட்டுக்காக அவரை வீதிக்கு அனுப்பியது. 2013-ல் கிம் லாங்கினாட்டோ எடுத்த 'சல்மா' ஆவணப்படத்தில் அவரே தம் கதையைச் சொன்னார். 2025-ல் மாநிலங்களவை உறுப்பினரானார்.

2004-ல் வெளிவந்த அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நம் வீட்டுப் பெண்களின் அந்தரங்க வாழ்வைப் பேசுகிறது. வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா என்று சினந்தோர் உண்டு. சில பக்கங்கள் கசக்கவே செய்யும். ஆனால் சரக்குப் பழுதென்று வாடிக்கைக்காரர் சொன்னால், மூட்டையை அவிழ்த்துப் பாராமலா அனுப்பிவிடுகிறோம்?

ஒருவர் பெயரை வெளியிட்டார், மற்றவர் மறைத்தார். இரண்டும் அவரவர் தீர்மானம். அலோர் ஸ்டாரிலோ தோட்டத்துப் பக்கத்திலோ நம் வீட்டுப் பெண் கதையெழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப விரும்பினால், தபாலில் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பெயரில் வர வேண்டும், படம் போடலாமா, வேண்டாமா என்பதை முதலில் அவளிடம் கேட்டு, அவள் கையாலேயே எழுதி வாங்கி உடன் வையுங்கள்.