பூசும் முன்னே பெட்டி வைப்போம்

புது வீடு கட்டுகிறோம். செங்கல் சுவர் எழும்பிவிட்டது. அடுத்தது பூச்சு வேலை. கொஞ்சம் பொறுங்கள். சுவிட்சுப் பெட்டிகள் எங்கெங்கே வரும் என்று முடிவு செய்துவிட்டீர்களா?

பலரும் பூசிய பிறகுதான் இதை நினைக்கிறார்கள். அப்போது பூச்சை உடைக்க வேண்டும். காடி வெட்ட வேண்டும். மறுபடியும் பூச வேண்டும். ஒரே சுவருக்கு இரண்டு கூலி.

கட்டில் எந்தப் பக்கம் வரும்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கதவுக்குப் பின்னால் சுவிட்சு வைத்தால் தினமும் இருட்டில் தடவ வேண்டியதுதான். மிக்சி எங்கே வைப்போம்? இதை வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டுக் குறியுங்கள். கேட்காமல் வைத்தால் பிறகு மாற்றி வைக்க நேரும்.

சுவிட்சுக்கு 4 அடி உயரம் கைக்கு வசதி. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் தரையிலிருந்து அளக்காதீர்கள். தரை மேடு பள்ளமாக இருக்கும். தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். ஒரு சுவரில் குறித்த மட்டத்தை எல்லாச் சுவருக்கும் கொண்டு போகலாம்.

பெட்டியைச் சுவரில் வைத்துச் சுற்றிலும் கோடு போடுங்கள். உடனே உளியால் அடித்தால் செங்கல் தாறுமாறாக உடையும். கோட்டின் மேல் டிரில்லால் வரிசையாகத் துளை போடுங்கள். பிறகு உளி வைத்தால் சுலபமாகப் பெயரும். காடிக்குக் கட்டிங் மிஷினால் இரண்டு கோடு வெட்டி, நடுவில் தட்டினால் போதும். தூசி பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி கட்டாயம் வேண்டும்.

காடியை மேலிருந்து கீழாக வெட்டுங்கள். குறுக்கே நீளமாக வெட்டினால் சுவரின் பலம் குறையும். நாலரை அங்குலச் சுவரில் இரண்டு பக்கமும் நேருக்கு நேராகப் பெட்டி வைக்கக் கூடாது. 2 அங்குல ஆழப் பெட்டிகள் என்றால் நடுவில் கொஞ்சமே மிஞ்சும்.

"தம்பி, பெட்டியைச் செங்கல் மட்டத்துக்கு வைத்துவிட்டாயே" என்றார் மேஸ்திரி.

"ஏன் மேஸ்திரி, சரியாகத்தானே இருக்கிறது?"

"அரை அங்குலம் பூச்சு வருமே! பெட்டி உள்ளே போய்விடும். பூச்சு நிற்கும் மட்டத்துக்கு நூல் கட்டு. பெட்டியின் விளிம்பு நூலைத் தொட வேண்டும்."

"சரிங்க மேஸ்திரி."

பூசும் முன் பெட்டிக்குள் காகிதம் திணியுங்கள். பைப்பின் வாயையும் அடையுங்கள். கலவை உள்ளே போய் இறுகினால் வயர் நுழையாது. மறுபடியும் சுவரை உடைக்க வேண்டும்.

வயர் வேலையை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். 230 வோல்ட் மின்சாரம் உயிரை வாங்கும். சுவிட்சு, மின்சாரம் வரும் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். இரும்புப் பெட்டி என்றால், பச்சை நிற எர்த் வயரைப் பெட்டியிலும் இணைத்திருக்கிறாரா என்று பாருங்கள். சிலர் இதை விட்டுவிடுவார்கள். பெட்டியில் மின்சாரம் கசிந்தால், அதைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். கூலியை வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். இதில் வேண்டாம்.

பயிற்சி: உங்கள் வீட்டின் படம் வரையுங்கள். கதவு, கட்டில், அடுப்பு இருக்கும் இடங்களை எழுதுங்கள். பெட்டி வர வேண்டிய இடங்களில் புள்ளி வையுங்கள்.